குளிர்சாதனப் பெட்டி: கடைக்கும் வீட்டுக்கும் சில பாடங்கள்

ஒரு காலத்தில் நம் பகுதியில் குளிர்சாதனப் பெட்டி என்றால் டாக்டர் வீட்டிலும் மருந்துக் கடையிலும்தான் இருக்கும். இன்று ராசிபுரத்து மளிகைக் கடையிலும் பரமத்திவேலூர் பழக்கடையிலும் பெட்டிக் கடையிலும்கூட ஒன்று நிற்கிறது. பால் பாக்கெட், மாவுப் பாக்கெட், தயிர், குளிர்பானம், ஐஸ்கிரீம் என்று தினசரி விற்பனையில் ஒரு கணிசமான பகுதி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஆனால் தராசுக்கும் கல்லாவுக்கும் நாம் காட்டும் கவனத்தில் கால் பங்குகூட அதற்குக் காட்டுவதில்லை. வாங்கி, மூலையில் வைத்து, பிளக்கைச் செருகினால் வேலை முடிந்தது என்றிருக்கிறோம்.

2023 செப்டம்பரில் நாமக்கல் நகரில் நடந்ததை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் உணவகத்தில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பள்ளி மாணவி உயிரிழந்தார். அதே உணவகத்தில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கோழியும் முட்டையும் இந்தியா முழுவதற்கும் போகிற ஊரில், கோழி இறைச்சி உணவால் ஒரு பிள்ளை போனது நம் எல்லோருக்கும் தலைகுனிவாக இருந்தது. அதன் பிறகு நடந்த சோதனைகளில் அந்தக் கடை மட்டும் அகப்படவில்லை. ஒழுங்காக வியாபாரம் செய்தவர்களும் பல நாள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே இந்த இதழில் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். கடைக்குச் சொல்வது வீட்டுக்கும் பொருந்தும்.

குளிர் எதையும் கொல்லாது

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவிட வேண்டும். "ஃபிரிட்ஜில்தானே இருந்தது, ஒன்றும் ஆகாது" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகள் செழிக்கும் வெப்பம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கடையின் உள்ளே 38, 40 டிகிரி என்பது சாதாரணம். அந்த வெப்பத்தில் சில கிருமிகள் இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 5 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலானவை ஏறக்குறைய நின்றுவிடும். மைனஸ் 18 டிகிரியில் உறங்கும். வெளியே எடுத்து வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். கோழியிலும் முட்டையிலும் வரக்கூடிய சால்மோனெல்லா இப்படிப்பட்டதுதான். லிஸ்டீரியா என்று இன்னொன்று உண்டு. அது 4 டிகிரியிலும் மெதுவாக வளரும். கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் கெடுதல். ஆகையால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்ததற்கும் ஒரு கெடு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. சில கிருமிகள் உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. மதியம் வடித்த சோற்றையும் குழம்பையும் இரவு வரை மேடையிலேயே விட்டுவிட்டுப் பிறகு பெட்டிக்குள் தள்ளுவதில் பயனில்லை. ஆவி அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து உள்ளே வைக்க வேண்டும். பெரிய அண்டாவோடு வைத்தால் அதன் நடுப்பகுதி குளிர்வதற்கே பாதி ராத்திரி ஆகும். அதற்குள் பக்கத்தில் இருக்கும் பாலையும் அது சூடாக்கிவிடும்.

திருகில் இருக்கும் எண்

பெட்டிக்குள் இருக்கும் திருகில் 1 முதல் 5 அல்லது 7 வரை எண்கள் இருக்கும். பலர் அதை டிகிரி என்று நினைத்துக்கொண்டு, அதிகக் குளிர் வேண்டும் என்று 1-இல் வைத்துவிடுகிறார்கள். அந்த எண் டிகிரி அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக் கூடக் குளிரும் கூடும். உண்மையில் உள்ளே எத்தனை டிகிரி என்று தெரிய ஒரே வழி ஒரு சிறிய தெர்மாமீட்டர். அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துக் காலையில் கதவைத் திறந்தவுடன் பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதியில் 2 முதல் 5 வரை, உறைபெட்டியில் மைனஸ் 18 என்றால் சரி. மார்கழியில் வைத்த எண்ணில் பங்குனி, சித்திரையை ஓட்ட முடியாது. வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டு உபயோகப் பெட்டியைக் கடையில் வைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வீட்டில் நாளுக்கு இருபது, முப்பது தடவை கதவு திறக்கும். கடையில் மாலை ஒரு மணி நேரத்திலேயே அத்தனை தடவை திறக்கும். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் குளிர்காற்று கொட்டிப்போகும். அதோடு, பெட்டியின் பின்புறமோ உள்ளேயோ ஒட்டியிருக்கும் தகட்டில் N, ST, T என்று ஓர் எழுத்து இருக்கும். N என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரை, ST என்றால் 38 வரை, T என்றால் 43 வரை தாங்கும் என்று பொருள். சேலம், நாமக்கல் பக்கம் தகரக் கூரைக் கடைக்கு T-க்குக் குறைந்து வாங்குவது வீண் செலவு. நட்சத்திரக் குறியைப் பார்க்கிற நாம் இந்த எழுத்தைப் பார்ப்பதே இல்லை. விற்கிறவரும் பெரும்பாலும் சொல்வதில்லை.

எதை எங்கே வைப்பது

பச்சைக் கறி, கோழி, மீன் எதுவானாலும் மூடிய பாத்திரத்தில், அடித்தட்டில். மேலே வைத்தால் அதிலிருந்து சொட்டும் நீர் கீழே இருக்கும் தயிரிலும் மல்லித்தழையிலும் விழும். தயிரையும் மல்லித்தழையையும் யாரும் வேக வைத்துச் சாப்பிடுவதில்லை. கோழி இறைச்சி கீழ்ப்பகுதியில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் வாங்கிய அன்றே உறைபெட்டிக்குப் போக வேண்டும். உறைந்ததை இளக்குவதும் கீழ்த்தட்டில் வைத்துத்தான். மேடையில் வைத்தால் வெளிப்பகுதி இளகிக் கிருமி பெருகத் தொடங்கிய பிறகும் உள்ளே கல்லாகவே இருக்கும். அப்படி அரைகுறையாக இளகிய கறி அடுப்பிலும் அரைகுறையாகத்தான் வேகும். ஒருமுறை இளகியதைச் சமைக்காமல் மறுபடியும் உறைய வைக்கக் கூடாது.

முட்டை நம் ஊர்ச் சரக்கு, ஆகவே சற்று நின்று பேசலாம். முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டு. கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். சுத்தம் என்று நினைத்துக் கழுவி அடுக்கினால் அந்தப் படலம் போய்விடும். கழுவுவதானால் உடைக்கும் முன் கழுவினால் போதும். வியாபாரத்தில் அட்டைகளை நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சீக்கிரம் தள்ளிவிடுகிறோம், அது சரிதான். வீட்டில் பெட்டிக்குள் வைத்தால் மூன்று நான்கு வாரம் இருக்கும். ஆனால் ஒருமுறை குளிர்ந்ததை வெளியே எடுத்து வைத்தால் ஓடு வியர்க்கும். அந்த ஈரத்தோடு வெளி அழுக்கு உள்ளே போக வழி உண்டாகும். குளிர்ந்தது குளிரிலேயே இருக்கட்டும். கதவில் முட்டைக்கென்று குழி வைத்திருக்கிறார்கள். பெட்டியிலேயே அதிகம் சூடாகும் இடம் அதுதான், உட்பக்கத் தட்டே மேல். விரிசல் விட்ட முட்டையை விலை குறைத்து விற்பது பழைய வழக்கம், அதை விட்டுவிடுவது நல்லது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததன் காரணமும் இதே சால்மோனெல்லா பயம்தான்.

எல்லாவற்றையும் உள்ளே திணிக்கவும் கூடாது. வேலூர் பக்கத்து வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். சேலத்து மாம்பழம் காயாக உள்ளே போனால் பழுக்காமலே கெடும். பழுத்த பிறகு வைக்கலாம். வெங்காயம், உருளைக்கிழங்குக்கு உள்ளே வேலையே இல்லை. காற்று சுற்றிவர இடம் இருந்தால்தான் குளிர் எல்லாத் தட்டுக்கும் போகும். மூச்சு விட இடமில்லாமல் அடைத்த பெட்டியில் மேலே உறையும், கீழே புளிக்கும்.

நாமக்கல் வட்டாரத்துக்கே உரிய ஒரு பழக்கமும் உண்டு. பண்ணை வைத்திருப்பவர்கள் கோழிக்கான ராணிக்கெட் தடுப்பு மருந்தை வீட்டுப் பெட்டியில் பாலோடு சேர்த்து வைக்கிறார்கள். அதற்கு 2 முதல் 8 டிகிரி தேவை, அது உண்மை. ஆனால் அதைத் தனி டப்பாவில், பெயர் எழுதி, நடுத்தட்டில் வைக்க வேண்டும். கதவில் வைத்தால் சூடேறும். எண்ணெய் கலந்த தடுப்பூசி மருந்து உறைந்தால் பயனற்றுப்போகும். வீட்டில் யாருக்காவது இன்சுலின் இருந்தால் அதற்கும் இதே விதிதான். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்கென்று சிறிய பெட்டி ஒன்று தனியாக இருப்பதே நல்லது.

மின்சாரம் போனால்

2012-இல் நம் மாவட்டங்களில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. கடைக்காரர்கள் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. அப்போது எங்கள் கடையில் ஒரு நாள் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. காலையில் வந்தபோது பெட்டி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துத் திறந்தவுடனே விற்கத் தொடங்கினோம். பத்து மணிக்குள் மூன்று பேர் ஐஸ்கிரீமைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இரவில் உருகி விடியற்காலையில் மறுபடி உறைந்திருந்தது, வாயில் வைத்தால் மணல்போல நெருநெருவென்றிருந்தது. விற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மீதியைக் கொட்டினோம். யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து உறைபெட்டியிலேயே விட்டுவிட வேண்டும். காலையில் நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய் உறைந்திருந்தால், நாம் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் இது உதவும்.

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் என்று கணக்குச் சொல்வார்கள். அது தனியாகக் கதவுள்ள நல்ல உறைபெட்டிக்கு. ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேலறைக்கு, அதுவும் நம் கோடையில், அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் பால், கறி, மீன், சமைத்த உணவு இவற்றை விட்டுவிட வேண்டும். ஊறுகாய், வெண்ணெய், முழுக் காய்கறி தாங்கும். முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நோய் தரும் கிருமிகளில் பலவற்றுக்கு வாசனையே கிடையாது.

மின்சாரம் திரும்ப வந்தவுடன் பெட்டியைப் போடக் கூடாது. கம்ப்ரஸர் நின்று மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆன பிறகே மறுபடி ஓட வேண்டும். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் சமமாகாத நிலையில் மோட்டார் சுற்ற முடியாமல் திணறிக் காயில் எரியும். தாமதம் வைத்த ஸ்டெபிலைசர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். பம்ப்செட் அதிகம் ஓடும் கிராமப்புற லைன்களில் மின்னழுத்தம் இறங்கும்போதும் இதே ஆபத்துதான். புதிய இன்வெர்ட்டர் வகைப் பெட்டிகளில் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்பார்கள். எந்த வோல்ட்டுக்குள் தேவையில்லை என்பதையும் அதன் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள், அதையும் படிக்க வேண்டும்.

உயிரோடு விளையாடக் கூடாத இடங்கள்

ஃபிரிட்ஜைத் தொட்டால் "லேசாகச் சுர்ரென்று இருக்கும், பழகிவிட்டது" என்று சொல்லும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பழகுவதற்கான விஷயமல்ல அது. எர்த் சரியில்லை, அல்லது உள்ளே எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று பொருள். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் கதவைத் தொடும் குழந்தைக்கு அதே கசிவு போதும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகினால் எர்த் அங்கேயே அறுந்துபோகிறது. நீட்டிப்புப் பெட்டியில் மாவு கிரைண்டரோடு சேர்த்து மாட்டுவதும் கூடாது. பெட்டிக்கென்று தனி மூன்று பின் சாக்கெட், ஒழுங்கான எர்த், மெயினில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றும் இருந்தால் கசிவு வந்த கணமே மின்சாரம் தானே நின்றுவிடும். அந்த ஆர்.சி.சி.பி.யில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் இதுவரை ஒருமுறையாவது அழுத்தியிருக்கிறோம்?

2022 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்தில், நெடுநாள் பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்பி வந்து தங்கிய குடும்பத்தில் மூன்று பேர், இரவில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கிளம்பிய தீயாலும் புகையாலும் இறந்தார்கள். பல மாதம் நின்றிருந்த பெட்டியைப் போட்டுவிட்டுக் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது ஆபத்து. எலி வயரைக் கடித்திருக்கலாம், சேர்ந்த தூசியும் ஈரமும் இருக்கலாம். ஒயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, பகலில் ஆள் இருக்கும்போது சில மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டியைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துவிட்டுப் போவது சரியான முறை. மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

அடுத்தது உள்ளே சுற்றும் வாயு. பழைய பெட்டிகளில் ஃப்ரியான் 12 இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அது படிப்படியாக விலக்கப்பட்டது. அதன் பின் 134ஏ வந்தது. இப்போது வரும் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் 600ஏ என்ற ஐசோபியூட்டேன். இது சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்தது, தீப்பற்றக்கூடியது. அளவு சில பத்து கிராம்தான், குழாயை விட்டு வெளியே வராத வரை பயமில்லை. வெளியே வர நாம்தான் வழி செய்கிறோம். உறைபெட்டியில் பனி கட்டினால் கத்தி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பெயர்ப்பது பலருக்குக் கைவந்த கலை. தகட்டின் உள்ளேதான் வாயுக் குழாய் ஓடுகிறது. கால் அங்குலம் பனி கட்டியதும் பெட்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்தால் தானே உருகும்.

பழுது பார்ப்பவர் வந்து, "கேஸ் தீர்ந்துவிட்டது, அடிக்க வேண்டும்" என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கே போயிற்று? பெட்டியின் வாயு பெட்ரோலைப் போலச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் வாயு மட்டும் ஏற்றினால் மூன்று மாதத்தில் மறுபடி அதே செலவு. 600ஏ பெட்டியில் வேறு வாயுவை ஏற்றவும் கூடாது, வாயு நிறைந்த நிலையில் குழாயில் பற்றவைக்கவும் கூடாது. கம்ப்ரஸர் மேல் தீச்சுடர் படம் போட்ட மஞ்சள் முக்கோணம் இருந்தால், பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரையும் கை வைக்கவிடக் கூடாது.

2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் சமையல் எரிவாயு சிலிண்டர் வெடித்து அடுத்தடுத்த வீடுகள் இடிந்தன, உயிர்கள் போயின. அதற்கும் பெட்டிக்கும் தொடர்பில்லை. ஆனால் பல வீடுகளில் சிலிண்டரும் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். பெட்டியின் கம்ப்ரஸர் இருப்பதும் கீழேதான். அது ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ரிலேயில் சிறு பொறி தோன்றலாம். அதனால் வாயு வாசனை வந்தால் விளக்கு சுவிட்சையும் தொடக் கூடாது, பெட்டியின் சுவிட்சையும் தொடக் கூடாது, கதவையும் திறக்கக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, வாசல், ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, வெளியே மெயின் இருந்தால் அதை நிறுத்தி, 1906-க்குச் சொல்ல வேண்டும். அடுப்புக்கும் பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவும் நல்லது.

சில்லறைப் பராமரிப்பு

பின்புறக் கம்பிவலையில் தூசி அடைந்தால் வெப்பம் வெளியே போகாது. மோட்டார் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். அரிசி மண்டி, மிளகாய் மண்டி வைத்திருப்பவர்களுக்கு இது மாதாந்திர வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அரை அடியாவது விட வேண்டும். அந்த இடைவெளியில் சாக்கு அடுக்கக் கூடாது. கதவு ரப்பரைச் சோதிக்கப் பத்து ரூபாய்த் தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் மாற்ற வேண்டிய காலம்.

பின்னால், கம்ப்ரஸர் மேல் தண்ணீர் தேங்கும் சிறு தட்டு ஒன்று இருக்கிறது. 2017-இல் சேலம் மாவட்டத்தை டெங்கு ஆட்டிப்படைத்தபோது வீடு வீடாக வந்த சுகாதாரப் பணியாளர்கள் நேரே போய்ப் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று. ஏடிஸ் கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறந்துபோக எட்டுப் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள், கடை விடுமுறை நாளன்றே வைத்துக்கொள்ளலாம், அதைக் கொட்டித் துடைத்துவிட வேண்டும். இப்போதும் பலருக்கு அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது.

கடைசியாக, ஓடாமல் போன பழைய பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கொல்லைப்புறத்தில் நிறுத்திச் சாக்கு வைக்கவும் பழைய கணக்குப் புத்தகம் வைக்கவும் பயன்படுத்துகிறோம். பழைய காலத்துத் தாழ்ப்பாள் வகையில் ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போனால் உள்ளிருந்து திறக்க முடியாது. காந்தக் கதவு வகையிலும் காற்று அதிக நேரம் போதாது. வேண்டாத பெட்டி மின்னணுக் கழிவுக்கான விதிகளின் கீழ் வருவது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுக் குழாயை வெட்டச் சொல்வதைவிட, புதிது வாங்கும்போது கம்பெனி வழியாகவோ அங்கீகாரம் பெற்றவரிடமோ ஒப்படைப்பதே முறை. அதுவரை வீட்டில் இருக்குமானால், இன்றைக்கே கதவைக் கழற்றித் தனியாகச் சாய்த்து வைத்துவிடுங்கள். நான்கு ஸ்க்ரூதான்.